டம்ளர் பாலில் ஒரு பல்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் தையல் லைனில் இருந்தேன். 2003 என்று நினைவு. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். படப்பையில் ஒரு மாடி அறையில் ஆறு பேர் தங்கியிருந்தோம். ஆறு பேருமே தெற்கத்திக்காரர்கள், மூன்று ஷிப்டிலும் பிரிந்து கிடப்பவர்கள். ஒரே நேரத்தில் ஆறு பேரும் விழித்திருப்பது வருடத்தில் சில நாட்கள்தான். ஆகஸ்ட் பதினைந்து அப்படி ஒரு நாள். அன்றைக்கு எல்லாக் கம்பெனியும் லீவு.

சேரப்பணஞ்சேரி இளைஞர்கள் வருடா வருடம் அன்று கபடிப் போட்டி நடத்துவார்கள். அக்கம்பக்கத்து ஊர் அணிகள் மட்டும்தான் ஆடும். அந்த வருடம், கம்பெனிப் பையன்களும் ஒரு அணி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஆறு பேரும் கீழ்வீட்டில் குடியிருந்த தேனிக்காரர் ஒருவரும் சேர்ந்து ஏழு பேரானோம். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். எங்களுக்கே அது ஆச்சரியம். இரண்டாவது ஆட்டம் உள்ளூர் அணியோடு.

அவர்கள் அணியில் ஒருவர் பாடி வருவதைப் பார்த்தாலே பயமாக இருந்தது. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். நெடுநெடுவென்று உயரம். ஆட்டம் தொடங்கும் முன் அவர் வாயிலிருந்து எதையோ எடுத்து, வேலியில் மாட்டியிருந்த சட்டைப் பையில் போட்டதைப் பார்த்தேன். சூயிங் கம் என்று நினைத்தேன்.

கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் எங்கள் பக்கம் பாடி வந்தார். நான் குனிந்து அவருடைய கணுக்காலைப் பிடித்துவிட்டேன். நல்ல பிடி. அவர் திமிறித் திரும்பினார், முழங்கால் நேராக என் வாயில் வந்து மோதியது. அப்போதும் நான் காலை விடவில்லை. அவர் அவுட். எங்கள் பையன்கள் கத்திக்கொண்டு ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். வாயில் ஏதோ லேசாக, காற்றோட்டமாக இருப்பதுபோலத் தோன்றியது. நாக்கால் தடவினேன். மேல்வரிசையில் இடது முன்பல் இருந்த இடத்தில் நாக்கு தடையில்லாமல் வெளியே போனது.

"ஏல, பல்லு போச்சுல ஒனக்கு," என்றான் அறைத்தோழன் ஒருவன். அவன் கீழே குனிந்து மண்ணில் தேடி, பல்லை எடுத்து, அழுக்குப் போகட்டும் என்று பனியனில் தேய்க்கத் தொடங்கினான்.

"தொடைக்காத," என்று ஒரு குரல் வந்தது. அவுட்டாகி வெளியே போக வேண்டியவர் கோட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். "வேர்ல கை வைக்காத. மேல்பக்கமா புடி. இப்படிக் குடு."

"மண்ணு ஒட்டிக் கெடக்குல்லா?"

"இருந்துட்டுப் போவுது. குடுன்றேன்ல." பல்லின் வெண்மையான பகுதியை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு, அவர் என் முகத்தைப் பார்த்தார். "தலைவா, வா என்கூட. நேரம் இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வேலியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ள, நான் துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். விழுந்த பல்லுக்கு என்ன நேரம், என்ன அவசரம் என்று தோன்றியது. எங்கள் ஊரில் பல் விழுந்தால் விழுந்ததுதான்.

மைதானத்தை ஒட்டி ஒரு டீக்கடை. ஒரு அக்கா நடத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, காய்ச்சாத பால் கீதா?"

"டீக்கா?"

"டீக்கு இல்லக்கா. பல்லு போட."

அந்த அக்கா என் வாயையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பால் பாக்கெட் ஒன்றின் மூலையைக் கத்தரித்தார். இவர் முதலில் கொஞ்சம் பாலைப் பல்லின் மேல் ஊற்றி மண் போகும்படி அலசினார். தேய்க்கவே இல்லை. பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாலை நிரப்பி, பல்லை அதில் மெதுவாக விட்டார்.

"டம்ளரை அப்புறமா கொண்ணாந்து குடுக்கிறேன்க்கா."

"அந்த டம்ளரு இனிமே எனக்கு வேணாம்பா," என்றார் அக்கா. "நீங்களே வச்சிக்கோங்க."

ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று கொடி கட்டி நின்றுகொண்டிருந்தது. ஆள் சேரட்டும் என்று டிரைவர் உட்கார்ந்திருந்தார். "ஆளு ரொம்புறதுக்குள்ள பல்லு செத்துடும், எடு வண்டிய," என்றார் இவர். டிரைவர் அவருக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது. உடனே எடுத்தார். உள்ளே ஏற்கெனவே இரண்டு பெண்கள் காய்கறிப் பையோடு இருந்தார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் இவர் டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இன்னாபா அது, பால்ல?" என்று ஒரு பெண் கேட்டார்.

"இவரு பல்லு."

"மெதக்குதா?"

"முழுவிக் கெடக்குது."

அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

படப்பை போகும் வழியில் அவர் தன் கதையைச் சொன்னார். நாலு வருடம் முன்னால் அதே மைதானத்தில் அவருக்கும் முன்பல் ஒன்று எகிறி விழுந்திருக்கிறது. நண்பர்கள் அதைச் சாணியில் உருட்டி, சின்னப் பிள்ளைகளின் பால் பல்லைப் போடுவதுபோலக் கூரைமேல் எறிந்துவிட்டார்கள். புதுப் பல் முளைக்குமாம்.

"எனக்கு அப்போ இருவத்தெட்டு வயசு, தலைவா. மொளைக்கும்னு நானும் நம்பிக்கினு இருந்தேன். மூணு நாள் கழிச்சு தாம்பரத்துல ஒரு டாக்டராண்ட போனேன். அவரு கேக்குறாரு, பல்லு எங்கன்னு. கூரை மேலன்னேன். ஒரு அரை மணி, மிஞ்சிப்போனா ஒரு மணி நேரத்துக்குள்ள பால்ல போட்டு எடுத்தாந்திருந்தா அதே பல்லை வச்சிருப்பேனேன்னு அவரு தலைல அடிச்சிக்கினாரு. அங்கயே எடத்துல சொருவிக்கிறதுதான் ரொம்ப நல்லதாம். உன் வாயில சொருவ எனக்குத் தெகிரியம் வர்ல."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன இளஞ்சிவப்புத் தகட்டை எடுத்து வாயில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சூயிங் கம் என்று நினைத்தது அவருடைய முன்பல்.

"தேங்க்ஸ் அண்ணாச்சி," என்றேன். பல் இல்லாததால் வார்த்தை பாதி காற்றாகத்தான் வந்தது.

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வச்சிக்கீறேன்?"

எங்கள் ஊரில் மூத்தவர் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று விளக்க என் வாய் அன்று ஒத்துழைக்கவில்லை. கடைசிவரை அவர் எனக்கு அண்ணாச்சிதான்.

படப்பையில் பல் மருத்துவமனை ஒன்று திறந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. மருத்துவர் ஒரு பெண். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருக்கலாம். மருத்துவமனைக்குப் பின்னாலேயே அவர் வீடு. விடுமுறை நாளில் கதவைத் தட்டியதும் ஈரத் தலையோடு வந்தார். டம்ளரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ரத்த வாயோடு நிற்கும் ஒருவனைப் பார்த்து ஒரு மருத்துவர் அவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"பால்ல போடச் சொன்னது யாரு?"

"நாந்தான் மேடம்," என்றார் அண்ணாச்சி.

"படிச்சப்போ பரிட்சைக்கு எழுதினது. நிஜமா பால்ல போட்டு ஒருத்தர் எடுத்துட்டு வந்து இப்பத்தான் பாக்கிறேன்," என்றார் அவர்.

மரத்துப்போக ஊசி போட்டு, பல் இருந்த குழியை உப்புநீரால் கழுவினார். பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"நீங்க தையல் வேலையா?"

நான் தலையாட்டினேன்.

"பல்லு நுனியில ஒரு வெட்டு இருக்கு பாருங்க. நூலைக் கடிச்சுக் கடிச்சு அறுத்திருக்கீங்க. லைன்ல கத்தரிக்கோல் குடுக்க மாட்டாங்களா?"

கொடுப்பார்கள். ஒரு மெஷினுக்கு ஒன்று, கயிறு கட்டியே வைத்திருப்பார்கள். அதை எடுத்து வெட்டி, திரும்ப வைப்பதற்குள் டார்கெட் ஓடிவிடும். பல் எப்போதும் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் பல்லால் நூலறுப்பது என் சூப்பர்வைசருக்கே தெரியாது. முன்பின் தெரியாத ஒரு பெண் என் பல்லைப் பார்த்த மாத்திரத்தில் என் வேலையைச் சொல்லிவிட்டார். அங்கேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பல்லைக் குழியில் வைத்து அழுத்தியபோது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய கம்பியை வளைத்து, இரு பக்கத்துப் பற்களோடும் சேர்த்து வெள்ளைப் பசை வைத்து ஒட்டினார். மண்ணில் விழுந்த பல் என்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டிடி ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். இரண்டு வாரம் கம்பி, கடித்துத் தின்பதெல்லாம் கூடாது. பத்து நாள் கழித்து வேர் சிகிச்சை. அந்தப் பல் இன்றைக்கும் என் வாயில் இருக்கிறது, நிறம் மட்டும் பக்கத்துப் பல்லைவிட ஒரு மாற்றுக் குறைவு.

அந்த இரண்டு வாரமும் அண்ணாச்சி தினமும் எங்கள் அறைக்கு வந்தார். அவர் ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய், அவருடைய அம்மா செய்து கொடுத்த கேழ்வரகுக் கூழையோ, குழைந்த பருப்பு சாதத்தையோ தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வருவார். ஆறு பேர் இருக்கிற அறையில் ஒருவனுக்கு மட்டும் சாப்பாடு வருவதைப் பார்த்து, மற்ற ஐந்து பேரும் தங்கள் பல்லையும் உடைத்துவிடச் சொல்லி அவரிடம் கெஞ்சினார்கள்.

கம்பி எடுக்கும் நாளில்தான் எனக்கு உண்மையான செய்தி கிடைத்தது. மருத்துவர் கம்பியைக் கழற்றி, பல்லை அசைத்துப் பார்த்து, "இது கெட்டியா புடிச்சிருச்சு," என்றார். நான் எழுந்திருக்கப் போனேன். "இருங்க. இது பிரச்சினை இல்ல. மத்ததுதான் பிரச்சினை."

மெல்லிய கம்பி போன்ற ஒரு கருவியை எடுத்து, கடவாய்ப் பற்களைச் சுற்றி ஈறுக்குள் ஒவ்வொரு இடமாக விட்டு எண்களைச் சொன்னார். மூணு. மூணு. அஞ்சு. ஆறு. அஞ்சு. உதவிக்கு ஆள் இல்லாததால், எனக்குத் துணையாக வந்திருந்த அண்ணாச்சியை எழுதச் சொன்னார். அவரும் ஸ்டோர்ஸில் சரக்கு எழுதுவதுபோல மும்முரமாக எழுதிக்கொண்டார்.

"பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் இருக்கலாம். அஞ்சும் ஆறும் இருந்தா ஈறு பல்லைவிட்டுப் பிரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்." என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, கீழ்வரிசையின் உள்பக்கத்தைக் காட்டினார். பற்களுக்கு அடியில் மஞ்சளும் கறுப்புமாகச் சுண்ணாம்புக் காரை போல ஒன்று படிந்திருந்தது. "தினமும் படியிற அழுக்கைச் சுத்தமா எடுக்கலைன்னா அது இப்படிக் கல்லாயிடும். கல்லுக்குக் கீழ கிருமி. அதனால ஈறு வீங்கும், அப்புறம் உள்ள எலும்பு கொஞ்சங் கொஞ்சமா கரையும். எலும்பு போனா பல்லு எதைப் புடிச்சிக்கிட்டு நிக்கும்? பெரியவங்களுக்குப் பல்லு போறதுக்கு முக்கால்வாசிக் காரணம் சொத்தையும் இதுவும்தான். சொத்தையாச்சும் வலிச்சுச் சொல்லிடும். இது வலிக்காது."

"வலிக்கலையே மேடம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"பல்லு விளக்கும்போது ரத்தம் வருமா?"

வரும். வருகிற இடத்தில் பிரஷ் படாமல் விளக்கிக்கொள்வேன். புண்ணைக் குத்தக் கூடாது என்று நானாகவே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஐந்தாறு வருடமாக அதைப் புத்திசாலித்தனம் என்றே நினைத்திருந்தேன். சொன்னபோது மருத்துவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"ரத்தம் வர்ற எடத்துலதான் சுத்தம் பண்ணணும். பண்ணினா ஒண்ணு ரெண்டு வாரத்துல ரத்தம் நிக்கும். சிகரெட் உண்டா?"

"உண்டு."

"அதுதான். சிகரெட் புடிக்கிறவங்களுக்கு எலும்பு வேகமாக் கரையும். ஆனா ரத்தம் கொறைவாத்தான் வரும். நல்லா இருக்குன்னு நம்மளை ஏமாத்தும்."

வலது பக்கத்தில் ஒரு கடவாய்ப் பல் இருந்த இடம் காலியாக இருந்தது. நாலு வருடம் முன் சொத்தை வலி தாங்காமல் ஊரில் பிடுங்கிக்கொண்டது. கண்ணாடியில் அதையும் காட்டினார். பஸ்ஸில் ஒருவர் எழுந்துபோனால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து தாராளமாக உட்காருவது போல, அடுத்த பல் அந்தக் காலி இடத்துக்குச் சாய்ந்து வந்திருந்தது. மேல்பல் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. ஒன்று போனால் ஒன்றோடு போய்விடுவதில்லை என்று அன்று கண்ணால் பார்த்தேன்.

"இப்ப சரி பண்ணினா எல்லாத்தையும் வச்சிக்கலாம். விட்டீங்கன்னா நாப்பது வயசுல ஒவ்வொண்ணா ஆடும்," என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மண்ணில் விழுந்த பல்லுக்காக வராத அழுகை, வாயில் உறுதியாக நிற்கிற பற்களுக்காக வந்தது. அண்ணாச்சி என் தோளைத் தட்டி, "வுடு தலைவா, சரி பண்ணிக்கலாம்," என்றார்.

"நீங்களும் உக்காருங்க," என்றார் மருத்துவர் அவரிடம். "நீங்க பேசும்போது பாத்தேன். கன்னத்துக்குள்ள என்ன அடக்கி வைப்பீங்க?"

அண்ணாச்சியின் முகம் மாறியது. காலையிலும் மாலையிலும் புகையிலையை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்வது அவர் வழக்கம். வீட்டில்கூடத் தெரியாது. அந்த இடத்தில் ஈறு இறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரிந்தது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. மருத்துவர் அதை வெகுநேரம் விளக்கு வைத்துப் பார்த்தார். "இப்ப நிறுத்தினா இது பெரும்பாலும் தானா மறைஞ்சிரும். மாசா மாசம் வந்து காட்டணும். மறையலைன்னா, புத்துநோயான்னு பாக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். நிறுத்துவீங்களா?"

"நிறுத்திடுறேன் மேடம்," என்றார். இருவரும் வெளியே வந்து பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். பிறகு, "நீயும் சிகரெட்டை வுடணும். அப்பத்தான் நான் வுடுவேன்," என்றார்.

படப்பை பஸ் நிறுத்தத்தில் தினமும் மாலையில் சந்தித்து ஒருவர் சட்டைப் பையை ஒருவர் சோதிப்பது என்று முடிவாயிற்று. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி தடவுவதைப்போல முழங்கால்வரை தடவுவோம். முதல் வாரம் அவரிடமிருந்து இரண்டு பொட்டலம், என்னிடமிருந்து ஒரு சிகரெட் பிடிபட்டன. ஒருமுறை அவர் செருப்புக்குள் ஒளித்திருந்ததைக் கண்டுபிடித்தேன். நிறுத்தத்தில் பூக்கட்டும் பெண்மணி ஒருவர் எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்து, ஒருநாள் பொறுக்க முடியாமல், "எதைத்தான்பா தேடிக்கினு கீறீங்க?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் தேடுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் கன்னத்துத் திட்டு மெல்ல மெல்ல மங்கி மறைந்தது. மருத்துவர் அதைச் சொன்ன நாளில், பாய் கடையில் பிரியாணி சாப்பிட்டோம். வலது பக்கம், இடது பக்கம், இரண்டிலும் மென்று சாப்பிட்டோம்.

மருத்துவர் என்னை நாலு முறை வரச்சொல்லி ஈறுக்கு அடிவரை சுத்தம் செய்தார். மென்மையான பிரஷ் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் பல்வரிசை ஒன்றில் விளக்கிக் காட்டினார். பிரஷைச் சாய்த்து ஈறும் பல்லும் சேரும் இடத்தில் வைத்து, சின்னச் சின்னதாக, மெதுவாக. இரண்டு நிமிடம். காலையில் ஒருமுறை, படுக்கப் போகும்முன் ஒருமுறை. படுக்கும்முன் விளக்குவதைத்தான் விடவே கூடாது என்றார். நைட் ஷிப்ட் போனால் எப்போது படுக்கிறேனோ அப்போது. பல்லுக்கு நடுவில் பிரஷ் போகாத இடத்துக்கு நூல். அதற்கென்று வரும் நூல்சுருள் ஒன்றை அவரே கொடுத்தார். எட்டு வருடமாகப் பல்லால் நூலை அறுத்தவன் நூலால் பல்லைத் துடைத்தேன். லைனில் கத்தரிக்கோலை எடுக்கப் பழகினேன். முதல் வாரம் டார்கெட் குறைந்தது, இரண்டாம் வாரம் கை பழகிவிட்டது.

எங்கள் அறையில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் ஆறு பிரஷ் நிற்கும். எது யாருடையது என்பதில் அவ்வப்போது தகராறு வரும், நார் நாராக விரிந்துபோனதால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நான் கண்ணாடி முன் நூலோடு நிற்பதைப் பார்த்து ஒரு மாதம் கேலி செய்தார்கள். பிறகு கீழ்வீட்டுத் தேனிக்காரர் ரகசியமாக வந்து, தனக்கும் ஈறில் ரத்தம் வருகிறது என்றார். சோடா பாட்டிலைப் பல்லால் திறப்பதில் பெயர் வாங்கிய ஒருவனுக்குப் பல்லில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் விழுந்திருந்தது. செங்கல் பொடியால் முரட்டுத்தனமாகத் தேய்க்கும் இன்னொருவனுக்குப் பல்லின் கழுத்துப் பகுதி பள்ளமாகத் தேய்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அழைத்துப் போனேன். திரும்பும்போது எங்கள் அறைக்கென்று ஆறு நிறத்தில் ஆறு புது பிரஷ் வாங்கினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று சுவரில் எழுதியும் வைத்தோம்.

இதற்குள் நான் சேரப்பணஞ்சேரியில் அண்ணாச்சி வீட்டுக்கு வாரம் ஒருமுறையாவது போகிறவன் ஆகியிருந்தேன். அவருடைய அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைத் தோட்டத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடும் வேலை. அந்தத் தோட்டத்தில் ஒரு மூலை முன்பு அவர்களுடைய நிலம். "அப்பவும் நான்தான் தண்ணி வுட்டேன், இப்பவும் நான்தான் வுடுறேன். இப்ப டீ குடுக்கிறாங்க," என்று சிரிப்பார். சிரிக்கும்போது புடவைத் தலைப்பு தானாக வாய்க்குப் போகும். மூன்று வருடத்தில் ஏழு பல் போயிருந்தது. கறி சமைத்து எங்களுக்குப் போட்டுவிட்டு, அவர் குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார்.

எனக்குப் பரிமாறும்போது ஒருநாள், கடைசியாக விழுந்த பல்லின் புண் ஒரு மாதமாக ஆறவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். இரவில் மூன்று சொம்பு தண்ணீர் குடிப்பதாகவும் சொன்னார். நான் அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவங்களை முதல்ல சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் என்கிட்ட கூட்டிட்டு வாங்க."

அம்மா வர மறுத்தார். ஊசி போடுவார்கள், இருக்கிற பல்லையும் பிடுங்குவார்கள் என்றார். அண்ணாச்சி தன் கன்னத்துக் கதையை முதன்முறையாக அவரிடம் சொன்னார். புகையிலை போட்டதற்காக மகனை முறத்தால் நாலு அடி அடித்துவிட்டு, அடுத்த நாளே அம்மா கிளம்பினார். சுகாதார நிலையத்தில் பார்த்ததில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

பல் மருத்துவமனையில் அம்மா நாற்காலியில் சாய மறுத்து, நிமிர்ந்தே உட்கார்ந்தார்.

"எனக்கு நோய் ஒண்ணும் இல்லம்மா. அஞ்சு புள்ள பெத்தேன். புள்ளைக்கு ஒரு பல்லு போச்சு. எல்லாருக்கும் அப்படித்தானே."

"ஏழு பல்லு போயிருக்கேம்மா. மிச்சம் ரெண்டு யாரு பேருல போச்சு?" என்று கேட்டார் மருத்துவர்.

அம்மா யோசித்தார். "அது எங்க வூட்டுக்காரர் பேர்ல எழுதிக்கோயேன்."

மருத்துவர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். பிள்ளை பெறுவதால் பல் போவதில்லை. கர்ப்ப காலத்தில் ஈறு சுலபமாக வீங்கும், அப்போது கவனிக்காமல் விட்டால் தொடர்ந்து கெட்டுப்போகும். இப்போது சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் இறங்காது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

"அப்ப மீதி பல்லு?"

"ரெண்டு எடுத்தாகணும். மத்ததெல்லாம் நான் காப்பாத்திக் குடுக்கிறேன். நீங்க மாத்திரையை விடக் கூடாது."

அம்மா மெதுவாகச் சாய்ந்து வாயைத் திறந்தார்.

மாத்திரை, நடை, உணவுக் கட்டுப்பாடு என்று நாலைந்து மாதத்தில் சர்க்கரை இறங்கியது. ஈறுகள் கெட்டியாகின. பிறகு, போன பற்களுக்குக் கழற்றி மாட்டும் செட் ஒன்று செய்தார்கள். முதல் வாரம் அம்மாவுக்கு 'ச' வரும் இடமெல்லாம் விசில் அடித்தது. மனிதர்களிடம் பேசக் கூச்சப்பட்டு, வீட்டு ஆட்டிடம் பேசிப் பழகினார். நாங்கள் வாசலில் நுழையும்போது கொல்லைப்பக்கத்திலிருந்து, "சனியனே, செடியைத் தின்னாதே," என்று விசிலோடு கேட்கும். ஆடு திரும்பிப் பார்க்கும். பத்து நாளில் விசில் போய்விட்டது. அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்து, எங்களோடு உட்கார்ந்து, நல்லி எலும்பு ஒன்றை எடுத்து மெதுவாகக் கடித்து, அண்ணாச்சியைப் பார்த்து, "கறியில உப்பு கம்மியாத்தான் கீது. இத்தினி நாளா ஏன்டா சொல்லல?" என்றார்.

தினமும் சாப்பிட்டதும் செட்டைக் கழற்றிக் கழுவுவதையும், படுக்கும்போது தண்ணீரில் போட்டு வைப்பதையும் அவர் ஒருநாளும் தவறவிடவில்லை. வேலைக்குப் போன இடத்தில், டீ இடைவேளையில் அதைக் கழற்றிக் காட்டித் தோட்டத்துப் பெண்களுக்கு விளக்கம் வேறு நடந்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் நாள். நானும் அண்ணாச்சியும் போனபோது மருத்துவமனை வாசலில் உள்ளே போக வழியில்லை. தோட்டத்து வேலைப் பெண்கள் ஒன்பது பேர் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். இருந்த நாலு நாற்காலி போதாமல், பக்கத்துக் கடையிலிருந்து பெஞ்ச் ஒன்று வந்திருந்தது. அம்மா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனுக்கு ரத்தம் வருதா, ஆடுதா?"

"ஆடலக்கா. ரத்தம்தான்."

"அப்ப நீ நல்ல நேரத்துல வந்துகீறே. சுகரு பாத்தியா? பாக்கலியா? பாத்துட்டு வா, கவர்மென்ட் ஆஸ்பத்திரி இதோ பக்கத்துலதான் கீது. நான் எடம் புடிச்சு வைக்கிறேன்."

எங்களைப் பார்த்ததும், "நீங்க ரெண்டு பேரும் அடுத்த வாரம் வாங்க," என்றார்.

"எனக்கு இன்னைக்குத்தான்மா சொல்லியிருக்காங்க," என்றேன்.

"உனுக்குத்தான் எல்லாம் கெட்டியா கீதே, கண்ணு. இவங்களுக்கு லீவு இன்னிக்கு ஒருநாள்தான்."

உள்ளே மருத்துவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பெஞ்சில் முதலில் இருந்த பெண் எழுந்து, தயங்கி, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார். அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எங்களுக்கும் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார்.